என்ர தோட்டத்துல மருந்து இல்லைங்க

அந்தப் பையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க, என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கறேன். 'நஞ்சில்லா உணவு, நலமான வாழ்வு.' ம்க்கும். ஈரோட்டுக் கூட்டத்துல குடுத்தாங்களா? பை குடுக்கறதுல மட்டும் இவியளை அடிச்சுக்க ஆளில்லைங்க. என்ர ஊட்டுல இதே மாதிரி ஒரு அடுக்கே கெடக்குது. ஒண்ணுல வெங்காயம், ஒண்ணுல பழைய துணி, இன்னொண்ணுல எலி குட்டி போட்டிருந்துச்சு.

இந்த இயற்கை விவசாயத் திட்டத்துக்குப் பேரைக் குடுத்துட்டீங்களா, இல்லை யோசிச்சுட்டு இருக்கறீங்களா? யோசிக்கறீங்களா. அப்பச் சரி, உங்ககிட்டப் பேசலாம். கவுந்தப்பாடியிலதானே எறங்கோணும்? நேரங்கெடக்குது. நான் அதுக்கும் தாண்டிப் போகோணும். நம்ம பேரு சென்னியப்பன். கத்தரிக்காய்ச் சென்னியப்பன்னா எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு காலத்துல பெருமையாச் சொன்னாங்க. இப்ப எப்படிச் சொல்றாங்கன்னு கேக்காதீங்க.

திட்டத்து மேடம் முதமுதல்ல எங்க ஊரு பால் சொசைட்டிக்கு வந்து பேசுனாங்க. இருவது பேரு சேந்தா ஒரு குழு. மூணு வருசம் பூச்சி மருந்து, ரசாயன உரம் எதையும் தொடக்கூடாது. மாடு, மண்புழுக் குழி, டிரம்மு இதுக்கெல்லாம் கவுருமெண்டு உதவி பண்ணும். மூணு வருசமும் சுத்தமா இருந்தா சான்று. சான்று வந்துட்டா நம்ம காய் கோயமுத்தூர்ல தனிக் கடைக்குப் போகும், தரகன் காலைப் பிடிக்க வேண்டியதில்லை. கேக்கறதுக்கு இனிப்பாத்தான் இருந்துச்சு. குழுவுக்குத் தலைவரா யாரு இருக்கறீங்கன்னு கேட்டாங்க பாருங்க, அத்தனை பேரும் கீழ குனிஞ்சுட்டாங்க, என்னமோ காசைத் தொலைச்சவனாட்ட. நான் எந்திரிச்சேன். எந்திரிக்காம இருந்திருக்கலாம்.

திட்டத்துல கொறையில்லைன்னு சொல்ல வரலைங்க. டிரம்மு வந்துச்சு, வெதைக்கற பட்டம் போனதுக்கப்பறம் வந்துச்சு. மண்புழு வந்துச்சு, சித்திரை வெயில்ல வந்துச்சு, எறக்கி வெக்கறதுக்குள்ள பாதி செத்துப்போச்சு. மேடத்துக்கு ஒரு மாத்தல், அடுத்து ஒரு சாரு, அவருக்கும் மாத்தல், மறுபடி ஒரு மேடம். ஒவ்வொருத்தருக்கும் நான் முதல்ல இருந்து சொல்லோணும், இது எங்க தோட்டம், இது எங்க கெணறுன்னு. ஆனா அதெல்லாம் நான் தாங்கிக்கிட்டேன். என்னைக் கவுத்தது கவுருமெண்டு இல்லைங்க. என்ர மச்சினன். பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி, கொழந்தசாமி. அவன் தோட்டம் என்ர தோட்டத்துக்கு நேர் மேக்கால. நடுவுல ஒரு வரப்புத்தான். மாமனார் நெலமும் எங்கப்பன் நெலமும் ஒட்டியிருக்கப் போய்த்தான் எங்க கல்யாணமே கூடிச்சு. அவன் திட்டத்துல சேரல. 'எனக்கு அந்தத் தெம்பில்லீங்க மாமா'ன்னுட்டான். தக்காளி போடுவான், மருந்தடிப்பான், சந்தைக்குக் கொண்டு போவான், தீந்துச்சு.

குழு நடக்கற மொறையைச் சொல்றேன், நீங்க சேரப் போறதானாத் தெரிஞ்சுக்கோணும். இதுல வெளிய இருந்து ஆளு வந்து பாக்க மாட்டாங்க. நம்ம தோட்டத்தை நம்ம குழுக்காரனே வந்து பாப்பான், அவன் தோட்டத்தை நாம போய்ப் பாக்கோணும். பாத்துட்டு, மருந்து அடிக்கலைன்னு கையெழுத்துப் போடோணும். நமக்கு நாமே போலீஸு. ஒருத்தன் தப்புப் பண்ணுனா இருவது பேருக்கும் போச்சு. நல்ல மொறைதான், ஆனா எங்க ஊருல அது எப்படி ஆச்சுன்னு கேளுங்க. பாக்க வர்றவிய முதல்ல ஊட்டுக்கு வந்துருவாங்க. வந்தவியளுக்கு இலை போடாம விட முடியுங்களா? ரெண்டு இட்டிலி, ஒரு பணியாரம், ஒரு காபி. கை நனைச்ச ஊட்டைக் குத்தம் சொல்ற பழக்கம் நம்ம பக்கம் கெடையாதுங்களே. சாப்புட்டு ஏப்பம் விட்டுட்டு வரப்போரமா ஒரு நடை, கையெழுத்து, அவ்வளவுதான்.

நான் அப்படி இல்லை. நான் யாரு ஊட்டுலயும் பச்சைத் தண்ணி குடிக்காமத்தான் தோட்டத்துக்குள்ள போவேன். அப்புக்குட்டின்னு ஒருத்தரு குழுவுல, சாதுவான மனுசன். அவரு தொட்டியோரமா ஒரு யூரியாச் சாக்கை விரிச்சு மாட்டுத் தீவனம் காய வெச்சிருந்தாரு. பழைய சாக்குத்தானுங்க. நான் விடலியே. அதெப்படி யூரியாப் பேரு போட்ட சாக்கு இந்த எல்லைக்குள்ள இருக்கலாம்னு அத்தனை பேரு முன்னால வெச்சுக் கேட்டேன். அவரு சம்சாரம் அழுதுபோச்சு. நேர்மைன்னா அப்படித்தான் இருக்கோணும், என்ன சொல்றீங்க?

முதல் வருசம் கத்தரி போட்டேன். வேப்பங்கொட்டை இடிச்சு ஊத்துனேன், இஞ்சி பூண்டு அரைச்சு அடிச்சேன், பஞ்சகவ்யாவை டிரம்மு டிரம்மா ஊத்துனேன். அத்தனையும் புழு. காயை அறுத்தா உள்ள குடும்பமே இருக்குது. பாவாயி, என்ர சம்சாரம், கூடையைக் கொண்டுவந்து முன்னால கவுத்துனா. 'ஏனுங்க, இதை மாடு கூடத் திங்காதுங்க. பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கற வருசம். ஒரே ஒரு தடவை அடிச்சுக்கலாமுங்க'ன்னா. வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம். அந்த மாசந்தான் கூட்டத்துல கலெக்டரு முன்னால மைக்கைப் பிடிச்சு, என்ர உசுரு இருக்கற வரைக்கும் மண்ணுக்கு வெசம் வெக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கறேன். பேப்பர்ல போட்டோ வந்திருக்குது. இவ என்னடான்னா ஊட்டுக்குள்ள உக்காந்து வெசம் வெக்கலாங்கறா. இன்னொருக்கா அந்தப் பேச்சை எடுத்தே, உன்ர பொறந்த ஊட்டுக்கே போயிருன்னேன். அதுக்கப்பறம் அவ அதைப் பத்தி வாயைத் தொறக்கலைங்க. நல்ல பொம்பளை, சொன்னாப் புரிஞ்சுக்குவா.

ரெண்டாவது வருசம் பாருங்க, அதிசயம். செடி கருகருன்னு நிக்குது. காய் ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி. ஒரு ஓட்டை இல்லை, ஒரு சொத்தை இல்லை. எல்லாம் பஞ்சகவ்யா. மண்ணு வெசம் முறிஞ்சு தெளியறதுக்கு ஒரு வருசம் எடுத்துக்கிச்சுன்னு நான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்ல ஆரம்பிச்சேன். அதுக்கப்பறம் எனக்கு நிக்க நேரமில்லை. இன்னிக்குச் சத்தியமங்கலம், நாளைக்கு அந்தியூரு, அடுத்த வாரம் தாராபுரம். கண்டுணர் சுற்றுலான்னு வெளி மாவட்டத்து விவசாயிகளை பஸ்ஸுல கூட்டிட்டு வருவாங்க, அவியளுக்கு நம்ம தோட்டத்தைக் காட்டோணும். வாரத்துல பாதி நாள் நான் ஊருல இல்லை. தோட்டத்தைப் பூராப் பாத்துக்கிட்டது பாவாயிதான்.

அதுல ஒரு விசயம் சொல்லோணுங்க, அவ எம்மேல வெச்சிருந்த மரியாதை. நான் கூட்டம் முடிஞ்சு பொழுதெறங்க வருவேன். வந்து பாத்தா தலைக்குத் தண்ணி ஊத்தி, சீலையைத் தொவைச்சுக் காயப்போட்டு, வாசல் தெளிச்சு, கோயிலுக்குப் போறவளாட்ட நிப்பா. மத்த நாள்ல எண்ணெய் வழிஞ்ச தலையோட கெடப்பா, நான் கூட்டத்துக்குப் போன அன்னிக்கு மட்டும் குளிச்சுருவா. புருசன் நாலு பேரு மதிக்கற ஆளா வர்றான்னா பொம்பளைக்கு அது ஒரு சந்தோசந்தானுங்களே. பாவம், அந்த ரெண்டு வருசமும் அவளுக்கு ஒடம்பு மட்டும் சேரல. கண்ணு செவந்து தண்ணி ஊத்தும். கையில தோலு உரியும். தலைவலி தலைவலின்னு சுருண்டு படுப்பா. பஞ்சகவ்யா நாத்தம் ஒத்துக்கலைன்னு நானே மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சுப் பூசி விட்டேன். 'வேண்டாமுங்க, விடுங்க'ன்னு கையை இழுத்துக்குவா.

குழுக்காரங்க பாக்க வந்தாங்க. என்னைக்கும்போல இலை போட்டா. சாப்புட்டுட்டுத் தோட்டத்துக்குள்ள போனாங்க. அப்புக்குட்டி ஒரு எலையைத் திருப்பிப் பாக்கறாரு, இன்னொண்ணைத் திருப்பிப் பாக்கறாரு. 'அண்ணா, ஒரு புழுக்கூட இல்லியேண்ணா. பேருக்கு ஒரு எறும்பு கூட இல்லியே'ன்னாரு. இல்லைதான்னு சொன்னேன், நெஞ்சை நிமித்திட்டு. அவரு திரும்பிப் பாவாயியைப் பாத்தாரு. அவ சொம்புத் தண்ணியோட வரப்புல நின்னவ, தலையைக் குனிஞ்சுட்டா. கையெழுத்தைப் போட்டுட்டு வந்த வழியே விருவிருன்னு போயிட்டாங்க. பொறாமைங்க. சாக்கு வெவகாரத்தை மனசுல வெச்சிருந்தாரு போல.

மூணாவது வருசம் ஆடி மாசம். கடைசிச் சோதனை. இருவது தோட்டத்துல ஏதாவது ஒரு தோட்டத்துக் காயை எடுத்து லேபுக்கு அனுப்போணும், மருந்து இருக்குதான்னு பாக்கறதுக்கு. மேடம் சீட்டுக் குலுக்கலாம்னாங்க. எதுக்குங்க சீட்டு? என்ர காயையே எடுத்துட்டுப் போங்கன்னேன். தலைவன் காய் போனாத்தானே குழுவுக்கு மருவாதி? பாவாயி உள்ள இருந்து வந்து, 'ஏனுங்க, சீட்டே குலுக்கட்டுமே'ன்னா. நீ சும்மா இருன்னு சொல்லிட்டு, நானே பறிச்சு, நானே பையில போட்டு, நானே சீல் வெக்கற வரைக்கும் பக்கத்துல நின்னேன்.

ஆவணியில சேதி வந்துச்சு. மருந்து இருக்குதாம். ஒண்ணு இல்லை, ரெண்டு மருந்து. இருவது பேருக்கும் சான்று கெடையாது. மூணு வருசம், புழுவோட போராடி, பாதி வெளைச்சலை மண்ணுல விட்டுட்டு, சந்தையில கேலிப் பேச்சு வாங்கி, வைராக்கியமா நின்ன குடும்பங்க. அப்புக்குட்டி அதுல மாட்டை வித்திருக்காரு. கோயமுத்தூர்க் கடைக்காரன் போனையே எடுக்கலை. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? தூக்குல தொங்கிறலாமான்னு இருந்துச்சுங்க.

அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு வெளங்குச்சு. ஆடி மாசம். காத்து எங்கிருந்து அடிக்கும்? மேக்கால இருந்து. மேக்கால யாரு? கொழந்தசாமி. வேணும்னே அடிச்சிருக்கறான். தான் சேராத திட்டத்துல மாமன் பேரு வாங்கறது பொறுக்கல. அதே சொசைட்டியில குழுவைக் கூட்டுனேன், அவனையும் வரச் சொன்னேன், பாவாயியும் ஓரமா வந்து நின்னா. 'ஏன்டா, அக்கா புருசன்னு பாக்காம என்ர காட்டுல வெசத்தைப் பறக்க விட்டியே, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?'னு கேட்டேன். அவன் எம்மூஞ்சியைப் பாக்கலைங்க. அவங்கக்காளைப் பாத்தான். அவ தரையைப் பாத்தா. அப்பறம், 'அது என்ர மருந்துதானுங்க மாமா. அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க'ன்னான். அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான், கேட்டீங்களா? இருவது பேரு சாட்சி.

அந்த இருவது பேரு பண்ணுனதுதான் எனக்கு இன்னும் ஆறலை. ஒருத்தனாவது அவனை ரெண்டு போடு போட்டிருக்கோணுமா இல்லியா? மூணு வருச உழைப்பு போயிருக்குதே! 'விடுங்கண்ணா, காத்துல வந்ததாவே வெச்சுக்கலாம்'னாரு அப்புக்குட்டி. வெச்சுக்கலாமாம். மத்தவியெல்லாம் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க. போறப்ப ரெண்டு மூணு பேரு பாவாயிகிட்ட 'வர்றமுங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எங்கிட்டச் சொல்லலை. நான் அன்னிக்கே கொழந்தசாமிகிட்டச் சொல்லிட்டேன், இனி என்ர ஊட்டு நல்லது கெட்டதுல உனக்கு எடமில்லைன்னு.

நீங்களே சொல்லுங்க, நான் சொன்னது தப்பா? சொல்ல மாட்டீங்க, சரி. எல்லாரும் அப்படித்தான்.

தையில என்ர மவ சுகன்யாவுக்குக் கல்யாணம். நம்ம பக்கத்துக் கல்யாணத்துல தாய்மாமன் இல்லாம ஒரு காரியம் நகருங்களா? மாமன் சீரு கொண்டு வரோணும், மாமன் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரோணும். நான் தூரத்துச் சொந்தத்துல வேற மொறைக்கார ஒறம்பரை ஒருத்தரை ஏற்பாடு பண்ணிட்டேன். மொறைன்னா மொறைதானே, ஆளு யாரா இருந்தா என்ன? பந்தக்கால் நட்ட அன்னிக்குக் காலையில பாவாயி வந்து நின்னா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு.

'ஏனுங்க, தம்பி இல்லாம எம்புள்ள கழுத்துல தாலி ஏறக்கூடாதுங்க.'

'அவன் பண்ணுன காரியத்துக்கு அவன் இந்தப் பந்தலுக்குள்ள கால் வெக்கக் கூடாது.'

'அவன் பண்ணலைங்க. நாந்தான் அடிச்சேன்.'

'என்னத்தை அடிச்சே?'

'மருந்துங்க. ரெண்டாவது வருசத்துல இருந்து. நீங்க கூட்டத்துக்குப் போறப்பெல்லாம் நாந்தான் அடிச்சேன். மருந்தடிக்கற டேங்கும் மருந்தும் தம்பிகிட்ட வாங்கிட்டு வந்தேன். அவன் வேண்டாங்கக்கான்னுதான் சொன்னான். கெஞ்சி வாங்குனேன். இன்னொரு வருசம் புழுவுக்குக் குடுத்திருந்தா இந்தப் பந்தல் ஏதுங்க? நீங்க மேடையேறிட்டீங்க, உங்களை எறங்குங்கன்னு எப்படிச் சொல்றது?'

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. சிரிச்சே போட்டேன். தம்பிக்காக எந்த அளவுக்குப் போறா பாருங்க! கூடப்பொறந்தவன் மேல பாசம் இருக்கலாம், அதுக்குன்னு கட்டுன புருசன்கிட்ட இப்படியா கூசாம ஒரு கதை? போ, போய்ப் பலகாரத்தைப் பாருன்னேன். அவ போகலை. வெடுக்குன்னு திரும்பி வரப்பைத் தாண்டி மேக்காலத் தோட்டத்துக்குப் போனா. அவன் டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டு வந்தா. பந்தக்காரங்க, சமையக்காரங்க அத்தனை பேரும் பாக்கறாங்க. 'வெறுந்தண்ணிதானுங்க, பயப்படாதீங்க'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, முந்தானையை மூக்குக்கு இழுத்துக் கட்டிக்கிட்டு, கத்தரிக்குள்ள எறங்கிட்டா.

என்ன சொல்றதுங்க. இடது கையால டேங்குக் கைப்பிடியை அடிச்சுக்கிட்டே, வலது கையில குழாயைப் பிடிச்சுக்கிட்டு, பின்பக்கமாவே நடந்து போறா, அடிச்ச எலை தன் மேல படாம. ஒரு செடிக்கு ஒரு சுத்து. எலைக்கு அடியில ஒரு வீச்சு, மேல ஒரு வீச்சு. ஒரு சாலு முடிஞ்சு அடுத்த வரிசைக்கு மாறும்போது திரும்பிக்கூடப் பாக்கலை, காலு தானாப் போகுது. பட்டம் பட்டமா மருந்தடிக்கற கூலிக்காரன் கூட அப்படி அடிக்க மாட்டான். முழு டேங்கையும் முடிச்சுட்டு வந்து எம்முன்னால நின்னா, வேர்த்து ஊத்துது. 'இப்பவாவது நம்பறீங்களா?'ங்கறா.

நடிப்புங்க! சினிமாவுல சேத்துக்குவாங்க. கல்யாணத்துக்கு முன்னால எப்படியும் என்னை மடக்கிறோணும்னு அக்காளும் தம்பியும் சேந்து ஒத்திகை பாத்திருக்காங்க. எறக்கி வெய்யி, ஒறம்பரை வர்ற நேரம்னேன். அவ முந்தானையை அவுத்து மூஞ்சியைத் தொடச்சா. அப்பறம் எறக்கி வெச்சா. பந்தக்காரப் பையனுவ வேற, வேலையை விட்டுட்டு வாயைப் பொளந்துட்டு நிக்கறானுவ. எனக்கு அவமானமாப் போச்சு.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுங்க. சாப்பாட்டுல ஒரு கொறை சொல்லலை. சுகன்யா மணவறைக்கு வர்றப்ப மட்டும் அழுதுட்டே வந்தா, பொண்ணுன்னா அழுகறதுதான். கொழந்தசாமி மண்டபத்துக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல நின்னான், புது வேட்டி கட்டிக்கிட்டு, சீர்த் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு. உள்ள வரலை. வரச் சொல்லி நானும் கூப்புடல. முகூர்த்தம் முடிஞ்சதும் இவ ஒரு எலையில சோறு போட்டு, மேல ஒரு எலையை மூடி, பட்டுச் சீலையோட ரோட்டைத் தாண்டிப் போய் அவனுக்குக் குடுத்துட்டு வந்தா. சம்பந்தி ஊட்டுக்காரங்க பூராப் பாக்கறாங்க. மானம் போச்சு.

மவளை மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பி, மறுவிருந்து முடிச்சு, பாத்திரமெல்லாம் தேச்சுக் கவுத்துனா. அப்பறம் ஒரு பையில துணியை எடுத்துக்கிட்டு வரப்பைத் தாண்டிப் போயிட்டா. சண்டை போடலை. 'நீங்க நம்பற அன்னிக்கு வர்றனுங்க'ன்னு சொன்னா, அவ்வளவுதான். நாந்தான் ஒருக்காச் சொல்லியிருக்கறனே, பொறந்த ஊட்டுக்குப் போன்னு. அதைப் பிடிச்சுக்கிட்டா போல.

அதுக்கப்பறம் நான் சும்மா இருக்கலைங்க. வரப்போரமா அகத்தியும் சோளமும் நெருக்கமா நட்டேன். அதுக்கு இந்தப் பக்கம் பச்சை வலை கட்டுனேன். காத்து வரட்டும் பாக்கலாம்னு. மாசி பொறந்ததும் கத்தரி நாத்து நட்டேன். குழு போச்சு, யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. என்ர காயை மட்டும் மறுபடி சோதிச்சுப் பாருங்கன்னு மேடத்துகிட்ட நடையா நடந்தேன்.

காய் வந்துச்சுங்களான்னா, எங்க வந்துச்சு! புழு. முதல் வருசத்தை விட மோசம். பறிச்சதுல பத்துக்கு ஒண்ணு தேறலை. இதுக்கும் அவந்தான் காரணம். அவன் மருந்தடிக்கறானா, அவன் தோட்டத்துப் புழு பூரா எங்க போகும்? மருந்தில்லாத தோட்டத்தைத் தேடி வலைக்கு அடியில பூந்து வந்துருது. முன்னால மருந்தை அனுப்புனான், இப்பப் புழுவை அனுப்பறான். சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

அவளை அப்பப்பப் பாக்கறனுங்க. நடுவுல வலைதானே. தம்பி தோட்டத்துல தக்காளிக்கு மருந்தடிப்பா, டேங்கை மாட்டிக்கிட்டு. எனக்குக் காட்டறதுக்குன்னே, தினம் நடிப்பு. ஒரு நாள் பாக்கறேன், டேங்கு முதுகுல இருக்குது, அவ சும்மா நிக்கறா. நிக்கறா, நிக்கறா, அசையவே இல்லை. காத்து எம்பக்கமா அடிச்சுட்டு இருந்துச்சு. அது திரும்பி மேக்கால அடிக்கற வரைக்கும் அத்தனை பாரத்தோட நின்னுட்டு, அப்பறந்தான் குழாயைத் தொறந்தா. மருந்து வீணாகக் கூடாதுன்னு தம்பி சொல்லிக் குடுத்திருப்பான். அவன் கஞ்சன்.

இன்னிக்கு எதுக்கு ஈரோட்டுக்குப் போனேன்னு கேக்கலியே? மேடம் போன் பண்ணி வரச் சொன்னாங்க. சோதனை முடிவு வந்துருச்சு. சித்திரையில எடுத்த காய். ஒண்ணுமே இல்லைங்க! ஒரு மருந்து இல்லை, துளி இல்லை. 'உங்க காய் அவ்வளவு சுத்தம் சார்'ன்னாங்க. விக்கறதுக்கு ஒரு கூடை காய் இல்லை, ஆனா சுத்தம். நான் அங்கயே நாற்காலியில உக்காந்து அழுதுட்டேன். மேடம் பயந்துபோயித் தண்ணி குடுத்தாங்க. பாத்தீங்களா, வலையும் அகத்தியும் வெச்சதும் மருந்து நின்னுபோச்சு. அப்ப நான் சொன்னதுதானே நெசம்? காத்துலதானே வந்திருக்குது?

சேதியைக் கேட்டதும் முதல்ல அவ நெனப்புத்தான் வந்துச்சு. எறங்குனதும் நேரா வலைக்கிட்டப் போயிக் கூப்புட்டுச் சொல்லோணும்னு. பாரு பாவாயி, இப்பவாவது உன்ர தம்பி பண்ணுனதை ஒத்துக்க, ஒத்துக்கிட்டு ஊட்டுக்கு வா, நான் அவனையும் மன்னிச்சர்றேன்னு. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ஊடு ஊடாவே இல்லைங்க. தனியாச் சோறாக்கித் தனியாத் திங்கறது ஒரு பொழப்பா? ராத்திரி ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. மவளும் போன்ல 'சாப்பிட்டீங்களாப்பா'ன்னு கேட்டு வெச்சர்றா.

என்ன கேட்டீங்க? சத்தத்துல கேக்கலை.

அவ போனதுக்கப்பறம் நட்ட செடியான்னா? ஆமாங்க. அதான் சொன்னனே. அவ போனது தையில, நாத்து நட்டது மாசியில. அவ இந்தச் செடியைத் தொடவே இல்லை. தண்ணி கட்டுனது, களை எடுத்தது எல்லாம் நானே. கூட்டத்துக்கும் போகலை, எவன் கூப்புடறான்? பகல் பூராத் தோட்டத்துலயேதான் கெடந்தேன். அதுக்கென்ன இப்ப?

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? அதான் வலை கட்டுனேன்னு சொன்னனே. வலைதான் காரணம். அகத்திதான். அந்த அகத்தி இன்னும் முழங்கால் ஒசரந்தான் வந்திருக்குது, அதை விடுங்க. வலை இருக்குதில்ல? வலையில ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும், காத்து வரத்தான் செய்யும். சித்திரையில காத்து மேக்கால இருந்தா... நீங்க எந்த ஊருக்காரருங்க? கொழந்தசாமிக்கு ஒறம்பரையா நீங்க? இல்லை, சும்மா கேட்டேன். கோவிச்சுக்காதீங்க.

எதுக்கு எந்திரிக்கறீங்க? கவுந்தப்பாடி வந்துருச்சா? அதுக்குள்ளயா? கேள்வியைக் கேட்டுப்போட்டு எறங்கிப் போனா எப்படிங்க, ஒரு மனுசன் இருக்கறதா வேண்டாமா? உக்காருங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாம், டிக்கெட்டு நான் எடுக்கறேன். ஏனுங்க கண்டக்டரு, இவரு எறங்கலைங்க, விசிலடிங்க. உக்காருங்கன்னா. இந்தச் சேதியை நான் போயி அவகிட்டச் சொல்றதா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.